ரிவால்வர் லைசென்ஸ்: கட்டணம் சொற்பம், செலவு பெரிது

கடக்வாஸ்லா என்றதும் அணைக்கட்டும் தேசிய ராணுவ அகாடமியும் நினைவுக்கு வரும். ஓய்வு பெற்ற ராணுவத்தினரும், சிங்ககட் சாலையோரம் பண்ணை வீடு வைத்திருப்போரும் இப்பகுதியில் உண்டு. இவர்களில் ஒருவர், "ரிவால்வர் லைசென்ஸ் எடுக்க என்ன செலவாகும்?" என்று விசாரித்தால் அரசுக் கட்டணத்தை மட்டும் சொல்லிப் பயனில்லை. செலவில் மிகச் சிறிய பங்கு அதுதான்.

வீடு போலீஸ் கமிஷனர் எல்லையில் இருந்தால் கமிஷனரிடமும், கிராமப் பகுதியானால் கலெக்டரிடமும் மனுச் செய்ய வேண்டும். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். உடல்நலம், மனநலம் பற்றிய டாக்டர் சான்றிதழும், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சிச் சான்றிதழும் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி தேவை. பிறகு போலீஸ் ஸ்டேஷன் விசாரணை. சம்பளத்தை இழந்து அலையும் நாட்களுக்கு ரசீது கிடையாது.

இவ்வளவுக்குப் பிறகும் லைசென்ஸ் நிச்சயமில்லை. உயிருக்கு ஆபத்து என்று வாயால் சொன்னால் போதாது. அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம், அப்பீலும் செய்யலாம். அதற்கு வக்கீல் பீஸ் தனி.

லைசென்ஸ் கிடைத்தவருக்கு அடுத்த அதிர்ச்சி கடையில் காத்திருக்கிறது. கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென 2014-இல் வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வர் எடையில் அரைக் கிலோ. விலையோ அன்றே ரூ.1,22,360! கைத்துப்பாக்கிக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். சொகுசுப் படகுக்கும் அதே வரிதான். தற்காப்புக்கு வாங்குகிறவர் சர்க்கார் கணக்கில் சீமான் போலும்.

வாங்கிய பின் இடுப்பில் தெரியும்படி செருகிக்கொண்டு கடைத்தெருவில் நடக்கவும் முடியாது. உறையிலிட்டு, முழுவதும் மறைத்தே கொண்டுசெல்ல வேண்டும். பொது இடத்தில் எடுத்துக் காட்டுவது குற்றம். முல்ஷி தாலுகாவில் நிலத் தகராறு ஒன்றில் விவசாயிகள் முன் ஒரு பெண்மணி கைத்துப்பாக்கியைக் காட்டிய வீடியோ 2024 ஜூலையில் வெளியானது. வழக்கு, கைது, லைசென்ஸை ஏன் ரத்து செய்யக்கூடாது என்ற நோட்டீஸ் எல்லாம் அடுத்தடுத்து வந்தன.

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் லைசென்ஸ் ஐந்து ஆண்டு செல்லும். ஆனால் அதில் குறித்த எல்லை மகாராஷ்டிரம் மட்டுமென்றால், பொங்கலுக்கு ஊருக்கு ரயிலேறும் தமிழர் துப்பாக்கியைக் கொண்டுபோக முடியாது. தேர்தல் காலத்தில் போலீஸ் கேட்டால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளவும் வேண்டும்.