ரோஹில்லாவை எட்டாத படகு

ரோஹில்லா என்றால் டில்லிவாசிகளான நமக்கு நினைவுக்கு வருவது சராய் ரோஹில்லா ஸ்டேஷன்தான். மீட்டர் கேஜ் நாட்களில் ராஜஸ்தான் பக்கம் போகும் வண்டிகளுக்காக மூட்டை முடிச்சுடன் அங்கே காத்துக் கிடந்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். அந்தப் பெயரை இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், ஒரு மரப்படகின் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

என் மகளும் மாப்பிள்ளையும் லீட்ஸ் நகரில் இருக்கிறார்கள். டில்லி ரயில் அருங்காட்சியகத்தில் நாம் எல்லோரும் குழந்தைகளுக்குக் காட்டியிருக்கும் ஃபேரி குவீன் நீராவி எஞ்சின் 1855-ஆம் ஆண்டு செய்யப்பட்டது அந்த ஊரில்தான். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே போயிருந்தபோது, "அப்பா, உங்களுக்கு நீராவி ரயில் காட்டுகிறோம்" என்று பிக்கரிங் என்ற சிற்றூருக்கு அழைத்துப் போனார்கள். அந்த மலைப்பாதை ரயிலை 1965-இல் அரசு மூடிவிட்டது. ஊர்க்காரர்கள் ஓர் அறக்கட்டளை அமைத்து 1973-இல் மீண்டும் திறந்தார்கள். பெரும்பாலும் தொண்டர்களே வண்டியை நடத்துகிறார்கள். என்னைப்போல் ஓய்வு பெற்ற ஆசாமி ஒருவர் கரி படிந்த கையோடு எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டதில் பேத்திக்கு ஐஸ்கிரீம் தாமதமாயிற்று. ரயிலைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த இதழ் போதாது. அந்த வண்டி போய்ச் சேரும் விட்பி என்ற துறைமுக ஊரில் பார்த்ததைத்தான் சொல்ல வந்தேன்.

விட்பி துறைமுகத்தில் நீண்ட மரப்படகு ஒன்று. 34 அடி நீளம், இரு முனையும் ஒரே மாதிரி கூராக. எஞ்சின் இல்லை, துடுப்புகள்தான். பக்கத்தில் "வில்லியம் ரைலி ஆஃப் பர்மிங்ஹாம் அண்டு லெமிங்டன்" என்று ரயில் டிக்கெட்டில் இடம் கொள்ளாத அளவுக்கு ஒரு பெயர். உயிர்காப்புப் படகு என்றார்கள்.

உயிர்காப்புப் படகு என்றால் கப்பலின் பக்கவாட்டில் தொங்குமே, அது அல்ல. கரையில் தயாராக நிற்கும். கடலில் ஏதாவது கப்பல் ஆபத்தில் சிக்கினால் உள்ளூர் மீனவர்கள் ஏறிப் போய் ஆட்களை மீட்டு வருவார்கள். இதற்கென அந்த நாட்டில் 1824-இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றும் அது அரசாங்க இலாகா அல்ல. பொதுமக்களின் நன்கொடையில் நடக்கும் தர்ம ஸ்தாபனம். பணம் கொடுத்தவரின் பெயரைப் படகுக்கு வைப்பது வழக்கம். பர்மிங்ஹாமுக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை, நம் நாகபுரி மாதிரி நடு நாட்டு ஊர். ஆனாலும் அங்கேயிருந்து வந்த பணத்தில் 1909-இல் தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் என்ற லண்டன் பட்டறையில் இந்தப் படகைக் கட்டி, விட்பிக்குச் சற்று மேற்கே அப்கேங் என்ற இடத்தில் நிறுத்தினார்கள்.

இனி கப்பல் கதை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன ராஜுலா கப்பலைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதை ஓட்டிய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல்தான் ரோஹில்லாவும். பரேலி பக்கத்து ரோஹில்லாக்களின் பெயர். 1906-இல் பெல்ஃபாஸ்டில் கட்டியது. முதல் உலகப் போர் வந்ததும் அதை ஆஸ்பத்திரிக் கப்பலாக மாற்றினார்கள். ஸ்காட்லாந்திலிருந்து புறப்பட்டு, காயம்பட்ட சிப்பாய்களை ஏற்றிவர டன்கர்க்குக்குப் போய்க்கொண்டிருந்தது. டாக்டர்கள், நர்சுகள், மாலுமிகள் எல்லாம் சேர்த்து 229 பேர்.

1914 அக்டோபர் 30, விடியற்காலை சுமார் 4 மணி. கடும் புயல். போர்க்காலம் என்பதால் கலங்கரை விளக்குகளை அணைத்து வைத்திருந்தார்கள். சிக்னல் விளக்கே இல்லாத பாதையில் மெயில் வண்டியை ஓட்டுவது போலத்தான். விட்பிக்குத் தெற்கே சால்ட்விக் என்ற இடத்துப் பாறையில் கப்பல் மோதியது. கண்ணிவெடியில் மோதிவிட்டதாகக் கப்டன் நினைத்தார். கரையிலிருந்து சில நூறு கஜம்தான் தூரம். மலைமேல் நின்ற ஊர் ஜனங்களுக்குக் கப்பலில் தொங்கிய மனிதர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். கப்பல் இரண்டாக முறிந்தது.

விட்பியில் இருந்த "ஜான் ஃபீல்டன்" என்ற துடுப்புப் படகைப் பாறைகளின் மேல் கையால் இழுத்துக்கொண்டு போய்க் கடலில் இறக்கினார்கள். இழுத்ததிலேயே அடிப்பலகை ஓட்டையாயிற்று. அப்படியும் இரண்டு முறை போய் 35 பேரைக் கொண்டுவந்தது. முதல் நடையில் வந்த பெண்களில் மேரி ராபர்ட்ஸ் என்ற பணிப்பெண்ணும் ஒருவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டைட்டானிக்கிலிருந்து தப்பியவர்! அதற்கு மேல் அந்தப் படகு தாங்கவில்லை.

அப்போதுதான் அப்கேங்கில் இருந்த நம் வில்லியம் ரைலியைக் கொண்டு வரத் தீர்மானித்தார்கள். கடல் வழியாகக் கொண்டுவர முடியாது, புயல். ஆகவே படகை வண்டியில் ஏற்றி, ஊர்த் தெருக்கள் வழியாக இழுத்து, மறுபக்கத்து மலை மேல் ஏற்றினார்கள். அங்கே பாதை கிடையாது. ஏறக்குறைய 200 அடி செங்குத்தான சரிவு. ஊர்க்காரர்கள் கயிறு பிடித்துக்கொள்ள, படகைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சரிவில் கீழே இறக்கினார்கள். தடம் புரண்ட பெட்டியைப் பிரேக்டவுன் கிரேனில் தூக்கிய அனுபவம் எனக்கு உண்டு. கிரேன் இருந்தே எங்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். சங்கிலி ஒரு கண்ணி வழுக்கினால் கீழே நிற்பவன் இல்லை. மழையிலும் காற்றிலும், ஈரக் களிமண்ணில் காலூன்றி, வெறும் கையால் சில டன் மரத்தைத் தொங்கவிட்ட அந்த ஜனங்களை நினைத்தபோது எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

படகு கடலில் இறங்கியது. மீனவர்கள் பலம் உள்ள வரைக்கும் துடுப்புப் போட்டார்கள். கப்பலை எட்ட முடியவில்லை. அலை திருப்பித் திருப்பித் தள்ளியது. திரும்பி வந்துவிட்டார்கள்.

அவ்வளவுதான். அன்றைக்கு வில்லியம் ரைலி ஒருவரையும் காப்பாற்றவில்லை.

மிச்சமிருந்தவர்களைக் காப்பாற்றியது எஞ்சின். வடக்கே டைன்மவுத்திலிருந்து "ஹென்றி வெர்னன்" என்ற மோட்டார் படகு இருட்டிலும் புயலிலும் 44 மைல் வந்தது. நவம்பர் 1, ஞாயிறு காலை, கப்பலை நெருங்கும்போது கடலில் எண்ணெயைக் கொட்டினார்கள். நீரின் மேல் எண்ணெய் படலமாகப் பரவினால் அலை முகடு உடைந்து விழுவது குறையும். அந்தச் சில நிமிஷ இடைவெளியில் கப்பலோடு ஒட்டி நின்று, எஞ்சியிருந்த 50 பேரையும் ஏற்றிக்கொண்டது. நடுவில் சிலர் நீந்தியும் கரை சேர்ந்திருந்தார்கள். இறந்தவர்கள் எண்பதுக்கும் மேல். இரண்டு நாளுக்கு மேலாகக் கப்பலிலேயே நனைந்து கிடந்து உயிர் பிழைத்தவர்களை எண்ணிப் பாருங்கள்.

மோட்டார் படகை நம்பாத பழைய மீனவர்களுக்கு அதற்குப் பிறகு சொல்ல வார்த்தை இருந்திருக்காது. 1919-இல் விட்பிக்கே மோட்டார் படகு வந்துவிட்டது. அப்கேங் நிலையத்தை மூடினார்கள். வில்லியம் ரைலி விட்பிக்கு வந்து 1931 வரை துணைப் படகாக இருந்தது. பிறகு விற்றுவிட்டார்கள். எங்கெங்கோ கைமாறிச் சீரழிந்து, 2005-இல் இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்தபோதுதான் விட்பிக்காரர்களின் கண்ணில் பட்டது. அவர்கள் அதை வாங்கி, பழைய உயிர்காப்புப் படகுக்கென்றே ஓர் அறக்கட்டளை வைத்து, பழுது பார்த்து, மறுபடி துடுப்புப் போட்டுக் கடலுக்குப் போகும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அங்கே நின்ற தொண்டர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். நான் ரயில்வே மெக்கானிக்கல் பிரிவு என்றதும் உற்சாகமாகிவிட்டார். இவ்வகைப் படகின் உடம்பு இரட்டைப் பலகை. ஓர் அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தும், மேல் அடுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தும் போகும். இரண்டுக்கும் நடுவே கான்வாஸ் துணி. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் டிப்ளமோ முடித்து வடக்கே ஒரு பெட்டிப் பணிமனையில் சேர்ந்த புதிதில், பழைய மரப்பெட்டிகளின் கூரையில் இதே கான்வாஸ் வேலைதான். கான்வாஸை இழுத்து ஆணி அடித்து, வெள்ளை ஈயப் பெயிண்ட் பூசுவோம். அது கெட்டால் மழைக்கால ராத்திரியில் மேல் பெர்த்துக்காரர் குடை பிடிக்க வேண்டியதுதான். படகிலும் அப்படியே, துணி மக்கினால் வெளியே ஒன்றும் தெரியாது. பலகையின் உள்ளிருந்து அழுகிக்கொண்டு வரும்.

இன்னொரு சாமர்த்தியம். கவிழ்ந்தால் தானே நிமிரும் படகு இது. இரு முனைகளிலும் உயர்த்திக் கட்டிய காற்றறைகள், அடியில் கனமான இரும்பு. தலைகீழானால் படகு காற்றறைகளின் மேல் நிற்க முடியாமல் தள்ளாடும், இரும்பு கீழே இழுக்கும், புரண்டு நிமிர்ந்துவிடும். உள்ளே புகுந்த தண்ணீர் தளத்திலுள்ள குழாய்கள் வழியாகத் தானாக வெளியேறும். கொலுவில் வைக்கும் தஞ்சாவூர் ஆட்ட பொம்மையின் தத்துவம்தான், பேத்திக்கு அப்படித்தான் விளக்கினேன்.

அவள் விடவில்லை. "தாத்தா, யாரையும் காப்பாற்றாத படகை எதுக்கு வைச்சிருக்கா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டாள். நல்லவேளை, தமிழில். அந்தத் தொண்டர் என்ன கேட்கிறாள் என்றார். கூசிக்கொண்டே மொழிபெயர்த்தேன். அவர் கோபிக்கவில்லை. எல்லோரும் கேட்கும் கேள்விதான், தன் மனைவியே கேட்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, அன்றைக்குக் கயிறு பிடித்தவர்களின் பேரன் பேத்திகள் இந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது அவர்கள் வீட்டுப் பொருள் என்றார்.

நான் பதில் பேசவில்லை. எனக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. பணியில் இருந்த காலத்தில், எங்கள் யார்டின் கடைசி லைனில் பழைய ஆய்வுப் பெட்டி ஒன்று நின்றது. தேக்குச் சட்டங்கள், பித்தளைக் கைப்பிடிகள், உள்ளே ஒரு சிறிய சாய்வு மேஜை. அதை "கண்டம்" செய்யும் காகிதத்தில், அதாவது இனி உதவாது, உடைத்து விற்கலாம் என்ற சான்றிதழில், கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். விதிப்படி சரியான கையெழுத்துதான். அச்சில் விரிசல், அடிச்சட்டம் துரு. பெட்டியில் ஏறி ஒருமுறை உட்கார்ந்துகூடப் பார்க்காமல், வெளியே நின்றபடியே போட்டேன். ஒரு வாரத்தில் விறகாகப் போயிற்று. எனக்கு முன்னால் அதைப் பராமரித்த வயதான தச்சர் ஒருவர் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று லீவு எழுதியிருந்தார். நானும் நம்பினேன்.

ஃபேரி குவீனுக்கு அந்தக் கதி வரவில்லை. பெரம்பூர் லோகோ பணிமனையில் நம்மவர்கள் அதைச் செப்பனிட்டு, 1997-இல் டில்லியிலிருந்து ஆல்வாருக்கு ஓட்டிக் காட்டினார்கள். நடுவில் அதன் பாகங்கள் திருட்டுப் போய், மறுபடி பெரம்பூருக்கே போய்ச் சீராகி, 2017-இல் திரும்ப ஓடியது. அது உலகத்திலேயே பழைய ஓடும் எஞ்சின்களில் ஒன்று, கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. பெயர் பெற்றதற்குப் பாதுகாப்புக் கிடைத்துவிடுகிறது. யார்டின் கடைசி லைனில் நிற்பதற்குத்தான் ஆள் இல்லை. விட்பியில் அதற்கும் ஆள் இருந்தது.

எவ்வளவு பலகை பழையது, எவ்வளவு புதியது என்று நான் கேட்டேன். தொழில் புத்தி. கண்காட்சிக்கு மட்டும் என்றால் அழுகிய பலகையையும் பெயிண்ட் அடித்து விட்டுவிடலாம். கடலில் போக வேண்டுமென்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றினால் பழையது குறையும். அவர் ஒரு பலகையின் மேல் விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். நானும் பக்கத்துப் பலகையைத் தட்டினேன், பணிமனையில் தட்டுவது போலவே. நல்ல மரம் கணீரென்று சொல்லும், மக்கிய மரம் பொதுக்கென்று. இரண்டு பலகையும் கணீரென்றன. எது பழையது என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அவர் சொல்லவும் இல்லை, சிரித்துக்கொண்டார்.

அதற்குள் மேலும் நாலைந்து பேர் வந்து சேர்ந்தார்கள். ஓதம் ஏறுகிறது, படகைச் சற்று நகர்த்திக் கட்ட வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். லீட்ஸ் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும். அந்தத் தொண்டர் ஒரு கயிற்று முனையை என் கையில் கொடுத்து, நான் சொல்லும்வரை விடாதீர்கள் என்றார். "தாத்தா, வழுக்கப் போறது, பார்த்து!" என்று பேத்தி கத்தினாள். காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, அவர் குரல் கொடுக்கும் வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.