மலைப்பாதையில் படகிழுக்கும் துவிச்சக்கர வண்டி

மகாவலி கங்கையும், அதன் குறுக்கே பொல்கொல்லையில் எழுப்பப்பட்ட அணையும், அதற்கும் கீழே 1985ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கமும் அண்மையிலேயே அமைந்திருக்க, ஒரு சிறு கயாக் ஓடத்தை நீர்க்கரை சேர்ப்பதற்காக ஒவ்வொரு முறையும் லொறி வாடகை கொடுக்க இயலாத வத்தேகம இளைஞன், தன் துவிச்சக்கர வண்டியின் பின்னால் பூட்டுவதற்கு ஓர் இழுவண்டியைத் தானே செய்துகொள்ள முற்படுவது மிகவும் நியாயமான காரியமே. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக இரவு பகலாக வரிசையில் நின்று, கியூஆர் குறியீட்டின்படி வாரந்தோறும் அளந்து வழங்கப்பட்ட பெற்றோலைக் கொண்டு காலந்தள்ளிய இத்தேசத்தில், மூலையில் கிடந்த துவிச்சக்கர வண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்ததை நாம் அனைவரும் கண்டோம். மனித பலத்தால் ஓடும் சாதனத்தின் அருமையை அந்த ஆண்டு நமக்கு நன்றாக உணர்த்தியது. ஆயினும், இத்தகைய வண்டிகளைப் பற்றிய வழிகாட்டல்களில் அநேகம் ஒல்லாந்து போன்ற சமதரை நாடுகளின் பழக்கத்தை அடியொற்றியவை. எவ்வாறு இழுப்பது என்பதே அங்குள்ள பிரச்சினை. நமது மலைநாட்டிலோ எவ்வாறு நிறுத்துவது என்பதே பிரதான பிரச்சினையாகும்.

முதலில் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் பதிவையும் காப்புறுதியையும் வற்புறுத்துவது இயந்திர பலத்தால் செல்லும் வாகனங்களுக்கே. காலால் மிதித்துச் செலுத்தும் வண்டிக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. ஆனால், ஏற்றத்தில் சிரமமாயிருக்கிறதென்று ஒரு சிறிய பெற்றோல் இயந்திரத்தை அதிலே பொருத்திய கணமே அது மோட்டார் வாகனமாகிவிடும் என்பதையும், பதிவும் சாரதி அனுமதிப்பத்திரமும் காப்புறுதியுமின்றி அதனை வீதியில் இறக்குவது குற்றமென்பதையும் மறத்தலாகாது. மிதிவண்டியின் பின்னே பூட்டும் வண்டியின் நீளம், அகலம், விளக்கு முதலியவை பற்றி ஐயமிருப்பின், நகர சபைக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்துக் கேட்கும் உரித்து ஒவ்வொரு பிரஜைக்கும் உண்டு: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 14 வேலைநாட்களுக்குள் அவ்விண்ணப்பத்துக்குத் தீர்மானம் அளித்தாக வேண்டும். தமிழில் எழுதிக் கேட்கவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பு இடமளிக்கிறது. அந்தப் பதிலைப் பத்திரப்படுத்தி வைத்தால், வழியில் ஒருவர் மறித்துக் கேட்கும்போது வாய்த்தர்க்கத்துக்கு அவசியமிராது.

இனி வண்டிக்கு வருவோம். ஒருவர் அமரும் பிளாஸ்டிக் கயாக் ஏறத்தாழ மூன்று மீற்றர் நீளமும் 20 முதல் 30 கிலோகிராம் வரை எடையும் உடையது. அதனோடு இழுவண்டியும் சேர்ந்து 40 கிலோகிராம் எனக் கொண்டால், நூறடிக்குப் பத்தடி இறங்கும் சரிவில் அது ஏறக்குறைய 4 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையோடு ஓட்டுநரை இடைவிடாது முன்னே தள்ளிக்கொண்டிருக்கும். வேகம் இரட்டிப்பானால் தடுப்புகள் தணிக்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகும். மழையில் நனைந்த சில்லு விளிம்பைத் தடுப்புக் கட்டை உடனே பற்றாது. வளைவில் திடீரெனப் பிரேக் பிடித்தாலோ பின்னே வரும் பாரம் பின்சில்லைப் பக்கவாட்டில் தள்ளி, வண்டியையும் மனிதனையும் ஒருங்கே வீழ்த்திவிடும். ஆகையால் செங்குத்தான இறக்கத்தில் ஆசனத்தை விட்டிறங்கி நடந்து செல்வதே உத்தமம். அதை ஒருவரும் கோழைத்தனமென்று எண்ண வேண்டியதில்லை. மலைப்பாதையில் நெடுங்காலம் பாரமிழுத்தவர்கள் அனைவரும் கைக்கொண்ட முறை அது.

இணைப்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே பெரும்பாலான அபாயங்கள் உண்டாகின்றன. ஆசனக் குழாயில் பூட்டுவது எளிதாகத் தோன்றினும், அவ்வளவு உயரத்திலிருந்து தள்ளும் பாரம் வண்டியைச் சாய்த்துவிடும் இயல்புடையது; பின்சில்லின் அச்சுக்கருகே தாழ்வாகப் பூட்டிய இணைப்பே உறுதியானது. அந்த இணைப்பு எத்திசையிலும் வளைந்துகொடுக்க வேண்டும். அது முறிந்தாலும் இழுவண்டி தனியே ஓடிப் பின்னால் நடந்து வருபவர்மீது மோதாதிருக்கும்படி, துவிச்சக்கர வண்டியின் சட்டத்தைச் சுற்றி ஒரு கனத்த நாடாவைத் தளர்வாகக் கட்டிவைத்தலும் அவசியம். சிறுவர் சைக்கிளிலிருந்து கழற்றிய சில்லுகளைப் பயன்படுத்துவோர், அச்சின் இரு முனைகளையும் இரும்புச் சட்டம் தாங்கும்படி அமைத்தல் வேண்டும். அவ்வச்சு இருபுறமும் தாங்கப்படுவதற்கென்றே செய்யப்பட்டது. ஒரு முனையில் மாத்திரம் தொங்கவிட்டால் முதற்குழியிலேயே வளைந்துபோகும். பி.வி.சி. குழாய்களால் செய்த சட்டம் மலிவானதுதான். ஆனால் வெயிலில் இளகியும் நாளடைவில் வெடித்தும் போகும் அப்பொருளை வீதியில் பாரமேற்றும் வண்டிக்கு நான் சிபார்சு செய்யமாட்டேன். மேலும், படகின் பாரம் அச்சுக்குச் சற்றே முன்னால் அமைந்து, இணைப்பு முனையில் 2 முதல் 4 கிலோகிராம் வரை கீழ்நோக்கி அழுந்தவேண்டும். பாரம் பின்னே சாய்ந்திருந்தால் அது துவிச்சக்கர வண்டியின் பின்சில்லை மேலே தூக்கிவிடும். தூக்கிய சில்லில் பிரேக் இருந்தும் பயனில்லை. புறப்படுமுன் அம்முனையை ஒரு தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பது சில நிமிஷ வேலையே.

நைலோன் கயிறு நனைந்தால் நீளும் ஆதலால், கொக்கி வைத்த தட்டையான நாடாக்களால் படகை இரண்டு இடங்களில் இறுக்கிக் கட்டுதல் நன்று. பின்னே நீண்டிருக்கும் முனையில் பகலில் சிவப்புத் துணியும், பொழுது சாய்ந்தபின் சிவப்பு விளக்கும் ஒளி பிரதிபலிக்கும் தகடும் இருத்தல் வேண்டும். இவற்றை வெறும் அலங்காரமென்று அலட்சியம் செய்பவர்கள், இலங்கைச் சட்டத்தில் 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் ஒன்றிருப்பதை அறிந்திருத்தல் நலம். விபத்தில் பாதிக்கப்பட்டவரிடமும் ஓரளவு கவனக்குறைவு இருக்குமாயின், அவருக்குரிய நட்டஈட்டை முற்றாக மறுக்காமல், அவருடைய தவறின் அளவுக்கு நீதிமன்றம் அதனைக் குறைக்கலாமென அது கூறுகிறது. ஆகவே விளக்கில்லாத இழுவண்டியை மோட்டார் வாகனம் ஒன்று மோதினால் உங்கள் உரித்து முற்றாக அழிந்துபோவதில்லை. அதன் பெறுமதி மாத்திரம் குறைந்துபோகும். வீட்டில் செய்த வண்டி என்ற ஒரே காரணத்துக்காக, எல்லாப் பிழையும் உங்களுடையதே என்று வீதியோரத்தில் நின்று தீர்ப்பளிப்பவர்களின் வார்த்தைக்கு அஞ்சி மௌனமாகத் திரும்ப வேண்டியதில்லை.

நீர்நிலையைப் பற்றி இங்கே சுருக்கமாகவே கூறலாம். பொல்கொல்ல அணையின் வான்கதவுகள் திறக்கப்படும்போது கீழே கங்கையின் நீர்மட்டம் விரைவாக உயரும். எச்சரிக்கைச் சங்கொலி கேட்டால் படகையும் கைவிட்டுக் கரையேறுதல் வேண்டும். விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய தெல்தெனிய நகரே அமிழ்ந்து கிடக்கிறது. அதன் சூழல் 1987இல் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டதாதலால் அனுமதி பெறாமல் அங்கே இறங்குதல் தகாது. நீச்சல் தெரிந்தவர்களும் உயிர்காப்பு அங்கியின்றிப் படகேறக் கூடாது. கட்டணமின்றி வரும் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியின் இலக்கம் 1990 என்பதைப் படகில் ஏறும் ஒவ்வொருவரும் மனனம் செய்திருப்பாராக.

விபத்து நேர்ந்துவிட்டால், மோதிய மோட்டார் வாகனத்தின் சாரதி நிறுத்தி உதவி செய்து தன் விபரங்களைத் தரக் கடமைப்பட்டவர். மூன்றாந்தரப்புக் காப்புறுதி அவருடைய வாகனத்துக்குக் கட்டாயமாயிருப்பதன் நோக்கமே வீதியில் காயமுற்றவருக்கு நிவாரணம் கிடைக்கவேண்டுமென்பதுதான். வாகன இலக்கத்தைக் குறித்துக்கொண்டு 119க்கு அறிவித்து, பொலிஸ் நிலையத்தில் உங்கள் வாக்குமூலத்தைத் தமிழிலேயே அளித்து, அதனை வாசித்துக் காட்டியபின் மாத்திரமே கையொப்பமிடுங்கள். புரியாத மொழியில் எழுதப்பட்ட கடதாசியில் அவசரத்தில் ஒப்பமிட்டுப் பின்னர் தவித்தவர்கள் நம்மிடையே அநேகர். சமாதானமாகப் போகலாமென்று அவ்விடத்திலேயே நீட்டப்படும் சிறு தொகை, உள்காயம் வெளிப்படாத அந்நேரத்தில் பெரிதாகத் தோன்றலாம். வைத்தியர் பரிசோதித்து அறிக்கை தரும்வரை அதை ஏற்றல் ஆகாது. கடையில் வாங்கிய நாடாவோ சில்லோ பழுதானதால் விபத்து நேர்ந்திருந்தால், பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் பற்றுச்சீட்டுடன் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறைப்பாடு செய்யலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1977. நட்டஈட்டு வழக்கென்றால் சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷங்களுக்குள் தொடுத்தாக வேண்டும். நகர சபை, பிரதேச சபை போன்றவற்றுக்கு எதிரான வழக்குகளுக்கோ முன்னறிவித்தலும் அதனினும் குறுகிய காலவரையும் இருப்பதால், குழியில் விழுந்து காயமுற்றவர் ஒரு வாரமும் தாமதியாமல் ஆலோசனை பெறல் வேண்டும். வழக்கறிஞருக்குப் பணங்கொடுக்க வசதியற்றோருக்காக 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் கண்டியிலும் இருக்கிறது. அங்கே செல்லும்போது வைத்திய அறிக்கையையும், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கத்தையும், விபத்திடத்தில் எடுத்த படங்களையும், உடைந்துபோன இணைப்புத் துண்டையும் உடன் கொண்டுசெல்லுங்கள். பட்டறையில் கொடுத்து ஒட்டவைப்பதை வழக்கு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.