காந்தச் சுழியைக் காட்டும் நியூட்ரான்

மறைமலைநகரிலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குப் போனால் கல்பாக்கம். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் 'காமினி' என்றொரு சிறிய அணு உலை இருக்கிறது. 1996 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய அதன் திறன் 30 கிலோவாட்தான். தோரியத்திலிருந்து கிடைக்கும் யுரேனியம்-233 அதன் எரிபொருள். அதன் வேலை மின்சாரம் தருவதல்ல, நியூட்ரான் தருவது. ராக்கெட்டுகளுக்கான வெடிகருவிகளின் உலோக உறைக்குள் மருந்து சரியாக நிரம்பியிருக்கிறதா என்று, உடைக்காமலே அந்த நியூட்ரான்களால் படமெடுத்துப் பார்க்கிறார்கள்.

மின்னூட்டம் இல்லாததால் நியூட்ரான் உலோகத்துக்குள் எளிதாகப் புகுந்துவிடும். அதைவிட எனக்கு வியப்பு, மின்னூட்டமே இல்லாத அந்தத் துகள் ஒரு குட்டிக் காந்தமாகவும் இருப்பதுதான். பொருளுக்குள் அணுக்களின் காந்தம் எந்தத் திசையில் நிற்கிறது என்பதையும் அது உணர்ந்து சொல்லிவிடும்.

அப்படி அது காட்டிக்கொடுத்ததுதான் காந்த ஸ்கிர்மியான். டோனி ஸ்கிர்ம் என்ற பிரிட்டன் இயற்பியலாளரின் பெயரால் வழங்குவது. நடுவிலுள்ள அணுக்காந்தங்கள் கீழ்நோக்கியும் விளிம்பில் இருப்பவை மேல்நோக்கியும் நிற்க, இடையில் உள்ளவை சிறுகச் சிறுகத் திரும்பும் சுழல் அது. உச்சந்தலைச் சுழியை எப்படிச் சீவினாலும் போக்க முடியாது. இதுவும் இலேசில் கலையாது. அகலம் சில நூறு நானோமீட்டருக்குள் அடங்கும். குறைந்த மின்னோட்டத்திலேயே நகரும் என்பதால், இதில் தகவலைச் சேமிக்கலாம் என்று நம்புகிறார்கள்.

2009இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, ஜெர்மனியின் மியூனிக் அருகிலுள்ள அணு உலையில் மாங்கனீஸ் சிலிசைடு படிகத்தைச் சுமார் மைனஸ் 245 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்து, காந்தப் புலத்தின் திசையிலேயே நியூட்ரான்களைச் செலுத்தினார்கள். சிதறி வந்தவை அறுகோணமாக ஆறு புள்ளிகளாய் விழுந்தன. படிகத்துக்குள் சுழல்கள் வரிசைகட்டி நிற்பதற்கு அதுவே சான்று.

கருவிகளில் பயன்பட வேண்டுமானால் சுழல்கள் மென்படலத்தில் வேண்டும். சிக்கல் அங்கேதான். சில நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தில் நியூட்ரான்களை நேராகச் செலுத்தினால், ஏறக்குறைய எல்லாமே எதிலும் மோதாமல் கடந்துவிடும். அதனால் பிளாட்டினம், கோபால்ட் போன்றவற்றை மாற்றி மாற்றிப் பல அடுக்குகளாகப் படியவைத்து, சுழல்களில் பட்டுச் சிதறுவதற்கான பொருளைக் கூட்டுகிறார்கள். இன்னொரு வழி, காந்தத் திசை ஒழுங்குபடுத்திய நியூட்ரான்களை மிகச் சாய்வாகப் படலத்தின் மேல் உரசவிட்டு, தெறித்து வருபவற்றை எண்ணுவது. தனித்தனிச் சுழல்களை இது காட்டாது. மேலிருந்து அடிவரை அடுக்கடுக்காகக் காந்தம் எப்படி மாறுகிறது என்பதைச் சொல்லும்.

இதற்குக் காமினியின் திறன் போதாது. காந்தப் படலங்களை இவ்வாறு ஆராயும் கருவி, மும்பை டிராம்பேயில் 1985 முதல் இயங்கும் 100 மெகாவாட் 'துருவா' உலையில் இருக்கிறது.