வேடமிட்ட நாய்களும் மரமாய் நிற்கும் குழந்தைகளும்

அமெரிக்காவில் அக்டோபர் மாதம் பிறந்ததும், விலங்குக் காப்பகங்கள் பலவும் ஊர்மக்களை அவரவர் வளர்க்கும் நாய்களோடு மாறுவேட அணிவகுப்புக்கு அழைக்கின்றன. அக்டோபர் 31 அன்று வரும் ஹாலோவீன் நாளில் குழந்தைகள் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று இனிப்பு வாங்கும் வழக்கத்தை ஒட்டி வளர்ந்த கொண்டாட்டம் இது. நியூயார்க்கின் டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் 1990களின் தொடக்கத்தில் தொடங்கிய அணிவகுப்பு, அங்குள்ள நாய்த் திடலின் பராமரிப்புக்கு நிதி திரட்டுகிறது; காப்பகங்கள் நடத்தும் அணிவகுப்புகளிலோ, நுழைவுக் கட்டணமும் உள்ளூர்க் கடைகளின் நன்கொடையும் மருத்துவச் செலவுக்கு மட்டுமன்றிக் குழந்தைகளுக்கான பாடத்திட்டங்களுக்கும் பயன்படுகின்றன.

பாடத்துக்கென்று தனியே நிதி திரட்ட வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. காலொடிந்த குட்டியின் படத்தைப் பார்த்தவுடன் பணம் அனுப்புகிறவர்கள், வகுப்பறைக்கு அத்தனை எளிதில் கொடுப்பதில்லை. ஏனெனில் காப்பாற்றப்பட்ட குட்டியைக் கண்ணால் காணலாம், பாடத்தின் பயனாகக் காப்பகத்துக்கு வராமலே போன குட்டியை யாரும் காண முடியாது.

இந்த வகுப்பறைகளில் கற்பிக்கப்படும் ஜீவகாருண்யக் கல்வி, அதாவது விலங்குகளின் தேவைகளையும் உணர்வுகளையும் அறிந்து அவற்றோடு பழகக் கற்பிக்கும் கல்வி, அமெரிக்காவில் நெடிய வரலாறு உடையது. 1868இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய பாஸ்டன் வழக்கறிஞர் ஜார்ஜ் ஏஞ்சல், தண்டனையைவிடச் சிறுவயதுப் பழக்கமே கொடுமையைத் தடுக்கும் என்று உறுதியாக நம்பியவர். 1882இல் குழந்தைகளுக்கான கருணைக் குழுக்களை அமெரிக்காவில் தொடங்கிய அவர், குதிரையே தன் வாழ்க்கையைச் சொல்வதாக ஆங்கில எழுத்தாளர் அன்னா சூவல் 1877இல் எழுதிய ‘பிளாக் பியூட்டி’ நாவலை 1890இல் மலிவு விலையில் அச்சிட்டுப் பரப்பினார்.

இன்றைய பாடங்களில் மிகவும் பயனுள்ளது, ‘மரமாய் நில்’ என்ற எளிய பயிற்சி. அறிமுகமில்லாத நாய் நெருங்கும்போது ஓடாமலும் அலறாமலும் நின்று, கைகளாகிய கிளைகளை முன்னால் கோத்துக்கொண்டு, பாதங்களாகிய வேர்களைப் பார்த்தபடி, நாய் விலகிப் போகும்வரை மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு என்பதால், அசையாமல் நிற்பவரிடம் அதன் ஆர்வம் தணிந்துவிடுகிறது. இன்னொரு பயிற்சியாக, பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் வட்டாரக் காப்பகத்தில் சிறுவர்கள் பூனைகளுக்கு அருகில் அமர்ந்து கதைப்புத்தகங்களை வாய்விட்டுப் படிக்கிறார்கள். தவறாகப் படித்தாலும் திருத்தாத கேட்போர் கிடைப்பதால் குழந்தையின் தயக்கம் நீங்குகிறது, பூனையோ மனிதக் குரலுக்குப் பழகித் தத்துக்குத் தயாராகிறது.

அமெரிக்க விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் மதிப்பீட்டின்படி, 2011இல் அந்நாட்டுக் காப்பகங்களில் சுமார் 26 லட்சமாக இருந்த கருணைக்கொலை எண்ணிக்கை, 2019இல் 9.2 லட்சமாகக் குறைந்தது. கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கும் தத்தெடுப்புக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் அவற்றின் தேவையை ஒரு குடும்பம் உணர்வதற்கே முதலில் கல்வி வேண்டியிருக்கிறது.

அணிவகுப்பு நடத்தப்படும் விதமும் இந்தப் பாடத்துக்கு முரணாக இருக்கலாகாது. நாய்க்குப் பாதங்களில் மட்டுமே ஓரளவு வியர்ப்பதால், அது பெரும்பாலும் வாயைத் திறந்து இரைப்பதன் மூலமே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. எனவே வாயை இறுக்கும் முகமூடியும் கனத்த துணியும், குறிப்பாகப் பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு, ஆபத்தானவை. காதைப் பின்னுக்கு மடித்தல், தூக்கமின்றியே கொட்டாவி விடுதல், உதட்டை நக்கிக்கொண்டேயிருத்தல், வாலைக் கால்களுக்கிடையே இடுக்குதல் ஆகியவை நாய் சங்கடப்படுவதன் அடையாளங்கள். ஹாலோவீன் சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்ற பொருளும் நாய்களுக்கு நஞ்சாகும்.

கழுத்தில் ஒரு கைக்குட்டை மட்டுமே கட்டிவந்த நாயும் அணிவகுப்பின் வேடப் போட்டியில் சேரலாம், வேடத்தை எந்நேரமும் கழற்றலாம் என்ற இரு விதிகளை அமைப்பாளர்கள் நுழைவுப் படிவத்திலேயே அச்சிட்டுத் தருவது நல்லது. நடுவர்களும் ஆடையின் பகட்டைவிட, அதை அணிந்திருக்கும் நாய் இயல்பாக நடக்கிறதா என்பதற்கே முதல் மதிப்பெண்ணை ஒதுக்க வேண்டும்.