கையடக்க வன்றட்டும் கரையோர ஆவணங்களும்

ஏடு காத்தல் தமிழ் மக்களுக்குப் புதியதோர் கலையன்று. பனையோலைச் சுவடி காலப்போக்கிற் செல்லரித்து அழியும் இயல்பினது. இதனை நன்குணர்ந்த முன்னோர், தலைமுறைதோறும் அதனைப் பெயர்த்தெழுதி வைத்தனர். சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இல் கலித்தொகையை அச்சேற்ற இயன்றமைக்குக் காரணம், ஓரிடத்திற் படி அழிந்தும் பிறிதோரிடத்தில் எஞ்சியிருந்தமையே. ஓலையின் வன்மையன்று, படிகளின் பெருக்கமே நூலைக் காத்தது. இவ்வுண்மை கணினியில் வைக்கப்பெறும் ஆவணங்களுக்கும் ஒக்கும்.

இதன் அருமையை அம்பாறைக் கரையோரம் பெருந்துயரின் வாயிலாக அறிந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய ஊர்களைத் தாக்கிற்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். உயிர் பிழைத்தோருள்ளும் பலர் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைச் சான்றிதழ் ஆகியவற்றை இழந்தனர். தம் நிலம் தமதென நிறுவுதற்கும் சான்றின்றி அவர்கள் இடருற்றனர். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகள் மீளாவாறு அழிந்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. நெருப்பாயினும் நீராயினும், ஒரே இடத்தில் வைக்கப்பட்டதே முற்றாக அழிகின்றது.

இத்தகைய இழப்பைத் தடுக்கக் குடும்பங்களும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் கைக்கொள்ளத்தக்க எளிய கருவி கையடக்க வன்றட்டாகும். 1956 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்றட்டுப் பொறி, ஐம்பது பெருந் தட்டுகளைக் கொண்டு ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்துகளையே தாங்கிற்று. இன்று சட்டைப்பையில் அடங்கும் ஒரு பெட்டி, அதனைப்போல் இலட்சக்கணக்கான மடங்கு தாங்கும்.

எனினும், ஒரு கணினியில் எழுதியதை மற்றொன்று படிக்க மறுப்பதுண்டு. இதற்குக் காரணம் கோப்பு முறைமையின் வேறுபாடே. நூலகத்தில் எந்நூல் எத்தட்டில் உள்ளதெனக் காட்டும் பட்டியல் போன்றது கோப்பு முறைமை. பட்டியலின் மொழி அறியாதவனுக்கு நூலகம் முழுவதும் இருந்தும் பயனில்லை. விண்டோசுக்குரிய என்.ரி.எப்.எஸ். முறைமையை மக் கணினி படிக்கும். ஆயின் இயல்பாக அதில் எழுதாது. மக் கணினிக்குரிய ஏ.பி.எப்.எஸ். முறைமையை விண்டோஸ் தானாகப் படிக்கமாட்டாது. பழைய எப்.ஏ.ரி. 32 முறைமையை யாவும் படிக்கும். எனினும் 4 கிகாபைற்றை எட்டும் தனிக்கோப்பை அது ஏற்காது. மைக்ரோசொப்ற் நிறுவனம் 2006 இல் வெளியிட்ட எக்ஸ்-எப்.ஏ.ரி. முறைமை இக்குறையின்றி விண்டோசிலும் மக்கிலும் இயங்கும். 2019 முதல் லினக்ஸ் கருவிலும் இடம்பெற்றுள்ளது. வீட்டிலொன்றும் கல்லூரியிலொன்றுமாகப் பல கணினிகளைப் பயன்படுத்துவோர்க்கு இதுவே ஏற்றது. ஆயினும் முறைமையை மாற்றுங்கால் வன்றட்டில் உள்ளவை யாவும் அழிக்கப்படும். ஆதலின் அவற்றை முன்னரே வேறிடத்திற் படியெடுத்துக்கொள்ளல் வேண்டும்.

பயன்படுத்துதலிலும் சில ஒழுங்குகள் உள. கணினி, எழுதவேண்டியவற்றுட் சிலவற்றைத் தன் நினைவிலே சிறிது நேரம் நிறுத்திவைப்பதுண்டு. அது முடியுமுன் வன்றட்டைப் பிடுங்கின் கோப்புப் பழுதுறும். சிலவேளை பட்டியலே சிதையும். எக்ஸ்-எப்.ஏ.ரி. முறைமையில் இவ்விடர் மிகுதி. ஆதலின், பாதுகாப்பாக அகற்றுக என்னும் கட்டளையைக் கொடுத்த பின்னரே கழற்றுதல் வேண்டும். கடைகளிலுள்ள பொதுக் கணினிகளில் இணைத்து மீண்டபின், நச்சுநிரல் உண்டோவெனச் சோதித்தலும் நன்று. கடற்காற்றின் உப்பும் ஈரமும் உலோக முனைகளை அரிக்குமாகையால், காற்றுப் புகாப் பேழையில் ஈரமுறிஞ்சும் பொதியுடன் வைத்தல் கரையோரத்தார்க்கு இன்றியமையாதது.

தமிழுக்கேயுரிய சிக்கலும் ஒன்றுண்டு. இலங்கையிற் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில் அமைந்த ஆவணம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். அதனை ஒருங்குறிக்கு மாற்றி வைப்பின் எக்கணினியும் தமிழாகக் காட்டும். முஸ்லிம் இல்லங்களிற் பேணப்படும் அரபுத்தமிழ் ஏடுகளை ஒளிப்படமாக எடுத்து வைத்தல் தகும். படத்துக்கு எழுத்துருத் தடையில்லை.

இறுதியாக ஒன்று வற்புறுத்தற்குரியது. வன்றட்டும் அழியக்கூடிய பொருளே. கீழே விழின் பழுதுறும், ஆண்டுகள் சிலவற்றில் தேயும். ஒரே ஒரு வன்றட்டில் யாவற்றையும் இட்டு அலுமாரியிற் பூட்டுதல் காப்பாகாது. மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் கடற்கரைக்கு அப்பால், கண்டியிலோ வேறோரூரிலோ உள்ள உறவினரிடம் இருத்தல் வேண்டும். ஆண்டுக்கொருமுறை அவற்றைத் திறந்து பார்த்துப் புதுப்பித்தலும் கடமையாகும். சுவடியைப் பெயர்த்தெழுதிய கைகள் செய்த தொண்டும் இதுவே. கருவி மாறியதேயன்றிக் கடமை மாறவில்லை.