வென்ற பிறகுதான் சோதனை

எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் ஆட்சிக்கு வந்ததும் நல்ல ஆட்சியாளராக மாறுவது எப்படி? தென்கொரியாவின் கிம் டே-ஜுங் வாழ்க்கையைப் பார்த்தால் விளங்கும்.

1971 அதிபர் தேர்தலில், ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்த பார்க் சுங்-ஹீயை எதிர்த்து கிம் சுமார் 45 சதவீத வாக்கு வாங்கினார். ஆட்சி மிரண்டது. மறு ஆண்டே மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கும் முறையை பார்க் ஒழித்தார். 1973இல் டோக்கியோ ஹோட்டலிலிருந்து கொரிய உளவுத்துறை கிம்மைக் கடத்தியது. கடலில் மூழ்கடிக்கப்படும் நிலைவரை போய் உயிர் தப்பினார். 1980இல் குவாங்ஜு நகர மக்கள் எழுச்சிக்குப் பின், பார்க்குக்குப் பிறகு வந்த சுன் டூ-ஹ்வானின் ராணுவ ஆட்சி, அதைத் தூண்டியதாகச் சொல்லி அவருக்கு மரண தண்டனை விதித்தது. உலக நாடுகளின் எதிர்ப்பால் தண்டனை குறைந்தது.

துன்பப்பட்டவர் என்பதற்காக அவர் தவறே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1987இல் நேரடித் தேர்தல் திரும்பியபோது, அவரும் சக போராளி கிம் யங்-சாமும் தனித்தனியே நின்றார்கள். ஜனநாயக வாக்குகள் பிரிந்தன. சுன்னின் ராணுவ சகா ரோ டே-வூ 37 சதவீத வாக்குகூட இல்லாமல் அதிபரானார்.

அந்தப் பாடம் 1997இல் பயன்பட்டது. கிம் ஜாங்-பில்லுடன் கூட்டணி வைத்தார். யார் இவர்? கிம்மைக் கடத்திய அதே உளவுத்துறையை 1961இல் நிறுவியவர்! இரண்டு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வெற்றி. கொரியாவில் தேர்தல் வழியே எதிர்க்கட்சி அதிபர் பதவியைப் பிடித்தது அதுவே முதல்முறை.

தன் குற்றங்களுக்குத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த சுன்னுக்கு அப்போதைய அதிபர் பொதுமன்னிப்பு தந்தபோது, புதிதாகத் தேர்வான கிம் அதற்கு இசைந்தார். அவர் ஆட்சியில் ஒரு தூக்குத் தண்டனைகூட நிறைவேற்றப்படவில்லை. நாடு பன்னாட்டு நிதியத்திடம் வாங்கியிருந்த கடன் 2001 ஆகஸ்டில், கெடுவுக்கு முன்பே அடைக்கப்பட்டது. 2000இல் பியாங்யாங் சென்று வடகொரியத் தலைவரைச் சந்தித்தார். அமைதி நோபல் பரிசும் அந்த ஆண்டே கிடைத்தது. அந்தச் சந்திப்பையொட்டி வடக்கிற்கு ரகசியமாகப் பணம் போனது பின்னர் விசாரணையில் வெளிவந்தது. அது அவர் பெயரில் படிந்த கறைதான்.

ஆனாலும் தன்னைக் கொல்லத் துடித்தவர்கள்மேல் அதிகாரத்தை ஏவாமல் இருந்தாரே, அங்கேதான் அவர் உயர்கிறார். ஒரு தலைவரை எடைபோடும்போது அவர் பட்ட அடிகளை மட்டும் எண்ணாதீர்கள். கையில் கோல் வந்ததும் யாரை அடிக்காமல் விட்டார் என்பதையும் கேளுங்கள்.