நட்சத்திரப் பிறப்பு குறைந்தது ஏன்?

புனே–நாசிக் சாலையில் நாராயண்காவ் ஊருக்கு அருகே உள்ளது கோடத் கிராமம். அங்கும் சுற்றுவட்டாரத்திலும் 45 மீட்டர் அகலமுள்ள 30 கம்பி வலைக் கிண்ணங்கள் வானத்தை நோக்கி நிற்கின்றன. 1970-ல் ஊட்டியில் ரேடியோ தொலைநோக்கி அமைத்த கோவிந்த் ஸ்வரூப்பின் முயற்சியால் உருவானவை இவை.

இவை தேடும் பொருள்களில் ஒன்று குளிர்ந்த ஹைட்ரஜன் வாயு. நட்சத்திரங்கள் பிறக்க அதுவே மூலப்பொருள். அதற்கு வெளிச்சம் கிடையாது. ஆனால் 21 சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலையை வெளியிடுகிறது. அந்த அலை 1951-ல் அமெரிக்காவில் முதன்முதலாகப் பிடிபட்டது. ஓர் அணு தானாக இதை வெளியிடச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். அணுக்கள் கணக்கற்றவை என்பதால்தான் நமக்கு எட்டுகிறது.

வெகு தொலைவிலுள்ள ஒரு நட்சத்திர மண்டலத்தின் அலை இரைச்சலில் மறைந்துவிடும். ஆகவே புனே, பெங்களூர் விஞ்ஞானிகள் 7,653 மண்டலங்களின் அலைகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். 2020-ல் விடை வெளியாயிற்று. சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முன் நட்சத்திரங்கள் பிறந்த வேகத்துக்கு, கையிருப்பு வாயு 100 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கே காணும். வெளியிலிருந்து புது வாயு போதிய அளவு வந்து சேராததால் நட்சத்திரப் பிறப்பும் குறைந்தது என்பது அவர்கள் முடிவு.

வரவு குறைந்தால் கையிருப்பு கரையும் என்ற கணக்கு வானத்துக்கும் பொருந்துகிறது!